பூனைக்குட்டிக்கும் மலப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டபடியேதான் இருக்கும். இரக்கப்பட்டு ஆளுக்கொரு கிண்ணம் பசும்பால் வைக்கிறார்கள். அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது, மறுநாளே கழிச்சல். உடனே "பூச்சிதான்" என்று முடிவுகட்டி, மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான பூச்சி மருந்தை வாங்கிக் குத்துமதிப்பாக ஊற்றுகிறார்கள். அரைக் கிலோகூட இல்லாத உயிருக்கு எடை பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

பூச்சி இருப்பதும் உண்மைதான். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே பைரன்டெல் போன்ற பூச்சி மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்து கேட்காது. வாலடியில் அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது. அதற்கு மருந்து வேறு, தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

எதிர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று குட்டிகளுக்கும் வயிறு உப்பி, முதுகைத் தடவினால் எலும்பு தட்டியது. பூச்சி மருந்து கொடுத்ததும் சேமியா போலப் புழுக்கள் விழுந்தன. சரி, தீர்ந்தது என்று நினைத்தோம். கழிச்சல் நிற்கவில்லை, சளியும் ரத்தமும் கலந்து வந்தது. முதலில் காட்டிய இடத்தில் மலத்தைப் பார்க்காமலே மறுபடியும் பூச்சி மருந்துதான் எழுதினார்கள். அதற்குள் ஒரு குட்டி போய்விட்டது. அப்புறம் வேறொரு மருத்துவர் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, காக்சிடியா என்றார். அது புழுவே அல்ல, ஒற்றைச் செல் உயிரி. பூச்சி மருந்து எத்தனை முறை கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உரிய மருந்து கொடுத்ததும் மற்ற இரண்டும் தேறின. ஒரு சொட்டு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் வேலை, முதல் நாளே செய்திருக்கலாமே என்று இன்னும் மனது ஆறவில்லை.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் பூனைக்குட்டிக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். கிராம் கணக்கில் எடை காட்டும் சிறிய தராசு ஒன்றும் வையுங்கள்.

குட்டி வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று கழித்த மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். கழிச்சலோடு வாந்தியும் சேர்ந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். பூனையின் உருண்டைப்புழு முட்டை மண் வழியாகக் குழந்தைகளுக்கும் வரும் என்பதால், மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.