போனைப் பறிக்க முதல், பக்கத்தில் ஒருக்கால் இருந்து பாருங்கள்

திருகோணமலை முன்பள்ளிகளுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரீச்சர்மாருக்கும், பெற்றோர் குழுக்களில் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், சனசமூக நிலையங்களை நடத்துகிற அண்ணாமார் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் உவர்மலையில் இருக்கிறேன். மகளுக்கு நாலரை வயது. எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் போன் கதை வராமல் முடிவதில்லை. "பிள்ளையிட்டப் போனைக் குடுக்காதேங்கோ" என்ற ஒரு வரியோடு அந்தக் கதை நின்றுவிடுகிறது. அந்த வரியில் இருக்கிற அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அது எங்களுக்குப் போதவில்லை. வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. கட்டாரில் நிற்கிற தகப்பனின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதே போனில்தான். போன் இல்லாத வீட்டை எங்கள் ஊரில் இனிக் காண்பது கஷ்டம். அதனால் அந்த வரிக்கு அடுத்த வரியையும் நீங்கள் சொல்லித் தர வேண்டும். கொடுக்கிற கொஞ்ச நேரத்தில் எந்த விளையாட்டு, யாரோடு, எப்படி? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சின்னப் பிள்ளைகளுக்கான வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. இரண்டு வயது ஆகும் வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை இருந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது அது. எனக்கு அதில் மறுப்பே இல்லை. வெயில் தாழ்ந்தால் கடற்கரை மணலில் ஓட வேண்டும், கோட்டையடியில் மான்களைப் பார்க்க வேண்டும், ஒழுங்கையில் கிளித்தட்டுக்குக் கோடு கீற வேண்டும். இதில் எதையும் திரைக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மழை பிடித்தால் முற்றத்தில் கால் வைக்க முடியாத ஊர் இது. அந்த நாட்களில் அந்த ஒரு மணித்தியாலம் எதில் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது எதில் போகிறது? பெரும்பாலும் இலவசம் என்று இறக்கின ஏதோ ஒரு கேமில். பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று அதை ஒருக்கால் பாருங்கள். பலூன் உடைக்கிற விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டம் முடிய, திரை முழுக்க விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி சில விநாடி கழித்துத்தான் மூலையில் வரும், அதுவும் பிள்ளையின் விரல் நுனியை விடச் சின்னதாக. நாலு வயது விரல் அதன் மேல் சரியாக விழாது. கொஞ்சம் தள்ளிப் பட்டால் பிளே ஸ்டோர் திறக்கும், அங்கே துப்பாக்கியோடு ஓர் ஆள் நிற்பான். எங்கே விளையாட்டு முடிந்தது, எங்கே கடை தொடங்கியது என்று பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அடுத்ததும் அடுத்ததும் அமத்திக்கொண்டே போகும்.

இதைவிட எனக்குக் கவலையான விஷயம், இந்தக் கேம்களில் நிறுத்துகிற இடமே இல்லாதது. ஓடிக்கொண்டே இருக்கிற பையன் விழுந்தால் மறுவிநாடி எழும்பி ஓடுவான். இன்றைக்கு வந்தால் ஒரு பரிசு, நாளைக்கு வராவிட்டால் பரிசு போச்சு. பெட்டியைத் திறந்தால் என்ன வருமோ என்ற பரபரப்பு வேறு. பெரிய ஆட்களையே பிடித்து வைக்கிற வேலை இது. இதற்கு நடுவில் போனைப் பிடுங்கினால் பிள்ளை கத்தாமல் என்ன செய்யும்? அந்தக் கத்தலைப் பார்த்து "அடம் பிடிச்ச பிள்ளை" என்று பேர் வைத்துவிடுகிறோம். எனக்கு மனம் நோகிறது. கதையின் நடுவில் புத்தகத்தை மூடிப் பறித்தாலும் அதே பிள்ளை அப்படித்தான் அழும்.

அதனால் ஒரு கேமை எடுக்க முதல் நான் பார்க்கிற முதல் விஷயம், அது தானாக ஓர் இடத்தில் முடிகிறதா என்பதுதான். மணிக்கூட்டைக் காட்டி "பத்து நிமிசம் ஆச்சு" என்றால் நாலு வயதுக்கு விளங்காது. "இந்த வீட்டைக் கட்டி முடிய நிப்பாட்டுவம்" என்றால் விளங்கும். பிறகு, தோற்றால் பயமுறுத்துகிறதா, நேரம் வைத்துத் துரத்துகிறதா என்று பார்ப்பேன். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஓடுமா என்றும் பார்ப்பேன்.

பிளே ஸ்டோரில் இறக்குகிற பொத்தானுக்குக் கிட்டவே, விளம்பரம் இருக்கிறது, உள்ளே காசுக்கு வாங்குகிற பொருள் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வாசிக்காமல் இறக்கக் கூடாது. 3+ என்ற வயதுக் குறியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அடிதடி, கெட்ட பேச்சு இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும் என்றோ நல்லது என்றோ சொல்லவில்லை. இணையம் தேவைப்படாத கேம் என்றால் பிளைட் மோடில் போட்டுவிட்டுத் தொடங்கலாம், பாதித் தொல்லை அதோடு போய்விடும். அந்த ஒரு செயலியை விட்டு வெளியே போகாதபடி பூட்டி வைக்கிற வசதி அன்ட்ரொய்டிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது.

சரி, எதைத்தான் விளையாடுவது? எங்கள் வீட்டில் அதிகம் ஓடுகிறது டவுன்ஸ்கேப்பர். ஒஸ்கார் ஸ்டோல்பெரி என்ற சுவீடன்காரர் செய்து 2021இல் முழுதாக வெளியிட்டது. திரையில் வெறும் கடல். தொட்ட இடத்தில் "புளக்" என்று ஒரு வீடு எழும்பும். மேலே தொட்டால் மாடி, பக்கத்தில் தொட்டால் அடுத்த வீடு. படி எங்கே வர வேண்டும், வளைவு எங்கே வர வேண்டும் என்பதைக் கேமே பார்த்துக்கொள்ளும். புள்ளி இல்லை, எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. மகள் சிவப்பு வீட்டை அம்மம்மாவுக்கு என்று வைத்தாள், பக்கத்தில் மஞ்சள் வீடு தனக்கு. சுற்றிவர வீடுகளை வைத்து நடுவில் கொஞ்ச இடத்தை விட்டோம், அது தானாகப் பச்சைப் புல் முளைத்த முற்றமாக மாறிவிட்டது. "அம்மா, இதுக்கை மான் வருமோ?" என்று கேட்டாள். மான் வராது, கூரையில் பறவைதான் வந்து குந்தும் என்றேன். அதோடு பறவைக்காகக் கூரை கட்டுகிற வேலை தொடங்கிவிட்டது. கடலைப் பார்த்து வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு சொல்லித்தரத் தேவையில்லாமல் விளங்குகிறது. காசு கொடுத்து வாங்குகிறது, ஒரு தடவைதான். உலாவியில் காசில்லாமல் விளையாடக்கூடிய ஒரு வடிவமும் இருக்கிறது.

காசே செலவழிக்க முடியாத வீடுகளுக்கும் நல்லது இருக்கிறது. பழைய கணினி ஒன்று இருந்தால் டக்ஸ் பெயிண்ட் போடலாம். பில் கென்ட்ரிக் என்பவர் 2002இல் தொடங்கிய இலவச வரைதல் மென்பொருள், விளம்பரம் அறவே இல்லை, தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். தூரிகை, முத்திரை, மந்திரக்கோல் எல்லாம் பெரிய பெரிய பொத்தான்கள். முன்பு கீறிய படங்களைத் திறக்கும்போது பெயர்ப் பட்டியல் வராது, குட்டிப் படங்களாகவே வரும், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தன் படத்தைத் தானே எடுத்துவிடும். அதைச் செய்தவர் சின்னப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து யோசித்திருக்கிறார் என்று அந்த ஒரு விஷயத்திலேயே தெரியும். இன்னொன்று ஜிகொம்ப்ரி. 2000ஆம் ஆண்டில் தொடங்கியது, இரண்டு முதல் பத்து வயது வரையானவர்களுக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள். மௌஸ் பிடிக்கப் பழகுவது முதல் சதுரங்கம் வரை அதில் உண்டு. போனிலும் ஓடும். கான் அகடமி கிட்ஸ் என்ற சின்னப் பிள்ளைகளுக்கான கற்றல் செயலியும் இலவசம்தான், விளம்பரம் கிடையாது, ஆனால் அது ஆங்கிலம் பேசும், பக்கத்தில் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் விடுமுறைக்கு வருகிற சொந்தங்கள் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியைக் கொண்டு வருவார்கள். அப்போது சின்னதுகள் ஓரத்தில் நின்று பார்க்கிறதுதான் வழக்கம். அது தேவையில்லை. அதில் ஓடுகிற மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார்ப் பந்தயக் கேமில் ஓரத்தில் விழாமல் காரைத் திருப்பிவிடுகிற உதவி உண்டு, தானாக ஓடவும் விடலாம். அதைப் போட்டுவிட்டால் நாலு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயது மச்சாளோடு ஒரே பாதையில் ஓடும். மரியோ ஒடிசியில் ஒருவர் மரியோவையும் மற்றவர் அவனுடைய தொப்பியையும் இயக்கலாம், தொப்பியைச் சின்னவரிடம் கொடுங்கள். கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராப்ட் கேமை வைத்திருக்கிறவர்கள் அமைதி நிலையில் (Peaceful) வைத்தால் பேய் பிசாசு வராது, கட்டிக்கொண்டே இருக்கலாம். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்கிற வழியை மட்டும் அடைத்துவிடுங்கள்.

கேமின் பெயர்களை இவ்வளவு சொன்னாலும், நான் கேட்பதன் மையம் அது இல்லை. நல்ல கேம் என்றாலும் பிள்ளையைத் தனியே விட்டால் பாதிப் பயன்தான். பக்கத்தில் பாயில் இருந்தால் வாய் திறக்கிறது. "மேல வை, இல்லை இல்லை, அங்கால, கொஞ்சம் இடப்பக்கம்", "இப்ப உன்ர முறை", "பொறு, அம்மா யோசிக்கிறன்". முறை எடுப்பது, பொறுப்பது, திசை சொல்வது எல்லாம் அந்தக் கதையில் நடக்கிறது. முன்பள்ளியில் நீங்கள் பழக்குகிற அதே விஷயங்கள்தான். எழுத்தில்லாத கேம் என்றால் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளை ஒன்றும் இருக்கிறார்கள். மழைக்கு எங்கள் விறாந்தையில் ஒதுங்கினால் ஒரே லப்டொப்பைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு வீடு வைப்பார்கள். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அம்மாமார் மட்டும் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்பப்பா இருக்கலாம், சித்தப்பா இருக்கலாம். தாயம் உருட்டத் தெரிந்த அப்பம்மாவுக்கு முறை வைத்து விளையாடுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவரிடம் போனைக் கொடுத்துப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். இரவு வேலை முடிந்து களைத்து வருகிற தகப்பனுக்கு அரை மணித்தியாலம் ஓடிப் பிடித்து விளையாட உடம்பு இடம் கொடாது, பாயில் இருந்து இரண்டு வீடு வைக்க இடம் கொடுக்கும்.

இனி என் கோரிக்கை. வருகிற தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி இதைக் காட்டுங்கள். பேச்சு வேண்டாம், ஒரு திரையில் ஒரு கேமைத் திறந்து, ஒரு பிள்ளையும் ஒரு தாயும் எப்படிச் சேர்ந்து இருப்பது என்று காட்டினால் போதும். பிளே ஸ்டோரில் அந்தச் சின்ன எழுத்து எங்கே இருக்கிறது என்பதை விரல் வைத்துக் காட்டுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தயங்குகிற பெற்றோர் எங்களில் கனபேர், அவர்களுக்கு இதை யாரும் காட்டியதில்லை. சனசமூக நிலையங்களில் தூசு பிடித்துக் கிடக்கிற கணினிகளில் டக்ஸ் பெயிண்டையும் ஜிகொம்ப்ரியையும் போட்டுவிடுங்கள். ஒருக்கால் போட்டுவிட்டால் டக்ஸ் பெயிண்டுக்கு இணையமே தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையோடு ஒரு பெரியவரும் வந்தால்தான் கணினி என்று வையுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு கூட்டத்தில் "போன் குடுக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்று கேட்கப்பட்டது. உண்மையைச் சொல்லிக் கையை உயர்த்தியவர் ஒரே ஒரு தாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கணவன் கடலுக்குப் போக, கைக்குழந்தையும் வைத்துக்கொண்டு சமைக்கிறவர் அவர். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். "என்ன விளையாடுது பிள்ளை, நீங்களும் விளையாடிப் பார்த்தீங்களோ?" என்று கேளுங்கள், அவர் இருந்து கதைப்பார்.

காட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். லப்டொப்பும் சின்ன ஸ்பீக்கரும் என்னிடம் இருக்கின்றன. ப்ளக் வேலை செய்கிற ஓர் அறையும், கதிரைக்குப் பதில் நாலு பாயும் இருந்தால் போதும். சனி, ஞாயிறு எந்த நேரமும் சரி, வேலை நாள் என்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு.

இப்படிக்கு,
முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் தாய்,
உவர்மலை, திருகோணமலை.