லத்தீனோ ஓட்டு சும்மா வந்தது இல்ல, சான் அன்டோனியோ காலேஜ் பசங்க கதையையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்க எலெக்‌ஷன் வந்தாலே நம்ம பேப்பர்கள்ல லத்தீனோ ஓட்டு, அதாவது மெக்சிகோ மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளோட வம்சாவளி ஜனங்க ஓட்டு பத்தி ஒரு கட்டுரை வந்துடுது, 2024லயும் வந்துச்சு, எல்லாத்துலயும் ஒரே விஷயம் தான், பார்டர், சுவர், விசா, அப்புறம் எந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம்னு ஒரு கணக்கு. அந்த ஓட்டு எங்கேர்ந்து வந்துச்சு, யாரு வீடு வீடா அலைஞ்சு பேரைப் பதிவு பண்ணாங்க, எதுக்காக அலைஞ்சாங்கன்னு ஒரு வரி கூட இருக்கிறதில்ல. நான் டெக்சாஸ்ல சான் அன்டோனியோல குடும்பத்தோட இருக்கேன், என் பொண்ணு இங்க தான் காலேஜ் படிக்கிறா, இந்த ஊர்ல பாதிக்கு மேல லத்தீனோ ஜனங்க தான், அதனால இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கு, அதான் எழுதுறேன்.

ஊரோட மேற்குப் பக்கத்தை வெஸ்ட் சைடுன்னு சொல்லுவாங்க, அங்க ரெண்டு கத்தோலிக்கக் காலேஜ் இருக்கு. ஒண்ணு செயின்ட் மேரீஸ் யுனிவர்சிட்டி, 1852ல ஆரம்பிச்சது, இன்னொண்ணு அவர் லேடி ஆஃப் தி லேக், 1895. உலகம் பூரா பேர் தெரிஞ்ச காலேஜ் இல்ல ரெண்டும். ஆனா சுத்தி இருக்கிற தெருவெல்லாம் மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்க, அந்த வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேர் வீட்லேர்ந்தே போய் படிச்சாங்க, இது தான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். கிளாஸ்ல அரசியல் படிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தார் போடாத அதே தெரு, மழை பெஞ்சா வீட்டுக்குள்ள வர்ற அதே தண்ணி, அப்புறம் எப்படி சும்மா இருக்க முடியும்.

1967ல செயின்ட் மேரீஸ் பக்கத்துல அஞ்சு இளைஞர்கள் கூடிப் பேசிப் பேசி மாயோன்னு ஒரு மெக்சிகன் அமெரிக்க இளைஞர் அமைப்பை ஆரம்பிச்சாங்க, ஹோஸே ஆன்ஹெல் குட்டியெரெஸ், வில்லி வெலாஸ்கெஸ், மரியோ கோம்பியான், இக்னாசியோ பெரெஸ், ஹுவான் பட்லான்னு அஞ்சு பேர். வெலாஸ்கெஸ் அதுக்கு முன்னாடியே 1966ல மெக்சிகோ பார்டர் ஓரமா இருக்கிற ஸ்டார் கவுன்டியில (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) தர்பூசணி, கிர்ணி தோட்டத்துத் தொழிலாளிங்க பண்ண ஸ்ட்ரைக்குல போய் வேலை செஞ்சவர். அந்த ஸ்டார் கவுன்டி பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அடுத்த வருஷம், 1968 மே மாசம், அதே வெஸ்ட் சைடுல எட்ஜ்வுட் ஹைஸ்கூல் பசங்க நூத்துக்கணக்குல கிளாஸை விட்டு வெளிய நடந்துட்டாங்க, தகுதி இருக்கிற டீச்சரைப் போடு, ஒழுகுற கட்டடத்தைச் சரி பண்ணுன்னு. பசங்க நடந்ததைப் பார்த்து அப்பா அம்மாவெல்லாம் சங்கமா சேர்ந்தாங்க, அதுல டெமெட்ரியோ ரொட்ரிகெஸ்னு ஒருத்தர், விமானப்படை தளத்துல தகரம் அடிக்கிற வேலை பார்த்தவர், அவர் பேர்ல கேஸ் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அந்தத் தீர்ப்புல இருக்கிற கணக்கை நான் இங்க எழுதியே ஆகணும். எட்ஜ்வுட் ஜனங்க 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் ஸ்கூல் வரி கட்டினாங்க, அதே ஊர்ல பணக்கார ஏரியா ஆலமோ ஹைட்ஸ்ல 85 சென்ட் தான். ஏழைங்க தான் அதிக ரேட்ல கட்டினாங்க, நல்லா கவனிங்க. ஆனா வீடும் நிலமும் மதிப்பு கம்மிங்கிறதால ஒரு பிள்ளைக்கு உள்ளூர் வரியிலேர்ந்து எட்ஜ்வுட்ல கிடைச்சது 26 டாலர், ஆலமோ ஹைட்ஸ்ல 333 டாலர். மாநிலப் பணம் மத்தியப் பணம் எல்லாம் சேர்த்தும் இங்க 356, அங்க 594. ஸ்கூல் மேல அக்கறை இல்லாத ஜனங்கன்னு யாராவது இவங்களைப் பத்திச் சொன்னா இந்த நம்பரைத் தான் எடுத்துக் காட்டணும்.

1973ல 5-4ன்னு தோத்துட்டாங்க, கல்வி அரசியல் சட்டம் தர்ற அடிப்படை உரிமை இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா விடல, மாநிலக் கோர்ட்டுக்குப் போனாங்க, 1989ல டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்க எல்லாரும் ஒருமனதா எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. நடந்து வெளிய வந்த பசங்களுக்கு அதுக்குள்ள நாப்பது வயசை நெருங்கியிருக்கும், அவங்க பிள்ளைங்களே ஸ்கூல் போயிருப்பாங்க, இதை நினைச்சா எனக்குக் கோபமும் வருது, பெருமையாவும் இருக்கு.

அந்த 1968 டிசம்பர்லயே அமெரிக்க சிவில் உரிமை கமிஷன் சான் அன்டோனியோ வந்து மெக்சிகன் அமெரிக்கர்கள் நிலைமையை விசாரிச்சாங்க, விசாரணை நடந்த இடம் அவர் லேடி ஆஃப் தி லேக் காலேஜ். ஸ்கூல்ல ஸ்பானிஷ் பேசினா அடி விழுந்ததைப் பிள்ளைங்களே வந்து சொன்ன காலம் அது. அதே காலேஜ்ல படிச்ச ரோஸி காஸ்ட்ரோ 1971ல சிட்டி கவுன்சிலுக்கு நின்னாங்க, தோத்தாங்க. ஏன் தோத்தாங்கன்னா அப்ப வார்டு கிடையாது, ஊர் மொத்தமும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓட்டுப் போடணும், வெஸ்ட் சைடு பூரா ஒருத்தருக்குப் போட்டாலும் ஊரோட மத்த பக்கம் சேர்ந்து அமுக்கிடும். குட் கவர்ன்மென்ட் லீக்னு வியாபாரப் புள்ளிங்க வச்சிருந்த ஒரு குழு 1955லேர்ந்து இருபது வருஷம் கிட்ட யார் கவுன்சில்ல உக்காரணும்னு முடிவு பண்ணிட்டு இருந்துச்சு. மரியோ கோம்பியானும் 1969ல மேயருக்கு நின்னு தோத்தார்.

இதுக்கு அப்புறம் நடந்தது தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. 1973, 74ல எர்னஸ்டோ கோர்டெஸ்னு ஒருத்தர், இந்த ஊர்க்காரர் தான், திரும்பி வந்து சர்ச் சர்ச்சா போனார், நூத்துக்கணக்கான பேரைத் தனித்தனியா பார்த்தார், மீட்டிங் போட்டு லெக்சர் கொடுக்கல, உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு மட்டும் கேட்டார். போராட்டம், இனம், பெரிய அரசியல்னு பதில் வரும்னு நாம நினைப்போம், ஜனங்க சொன்னது சாக்கடை. மழைத் தண்ணி போக வழியில்ல, பிள்ளைங்க முழங்கால் தண்ணியில ஸ்கூல் போகுது, சின்ன ஓடையெல்லாம் பொங்கி வீட்டுக்குள்ள வருது. அதுலேர்ந்து தான் காப்ஸ்னு அமைப்பு வந்துச்சு, 1974ல. முதல் தலைவர் ஆண்டி சராபியா, விமானப்படை தளத்துல கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அடுத்தடுத்து வந்த தலைவர்கள்ல நிறைய பேர் அம்மாக்கள், சர்ச்சுலயும் ஸ்கூல் பெற்றோர் சங்கத்துலயும் வேலை செஞ்சு பழகினவங்க. இவங்க சிட்டி ஆபீஸ்ல பழைய பேப்பரையெல்லாம் தேடி எடுத்துப் பார்த்தா, வெஸ்ட் சைடு வடிகால் வேலை 1945லயே பிளான்ல இருக்கு, முப்பது வருஷமா யாரும் காசு ஒதுக்கல! 1974 ஆகஸ்ட்ல நூத்துக்கணக்குல போய் சிட்டி மேனேஜரை உக்கார வச்சுக் கேட்டாங்க, நவம்பர்லயே 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல வடிகால் பாண்டுக்கு, அதாவது சிட்டி கடன் பத்திரம் போட்டு பணம் திரட்ட, ஓட்டெடுப்பு நடந்து பாஸ் ஆச்சு. 1975ல பெரிய துணிக்கடைக்குப் போய் நாள் பூரா டிரஸ் போட்டுப் பார்த்துட்டு வாங்காம திருப்பிக் கொடுத்தாங்க, பேங்க்ல வரிசையில நின்னு டாலரைக் காசா மாத்தி, மறுபடி காசை டாலரா மாத்தினாங்க, ஒரு கண்ணாடி உடையல, ஒருத்தர் மேல கை படல, ஆனா ஊர்ப் பெரிய மனுஷங்க பேச வந்தாங்க.

வெலாஸ்கெஸ் 1974ல ஆரம்பிச்ச தென்மேற்கு வாக்காளர் பதிவு அமைப்பும் இதே வழியில தான் போச்சுன்னு நான் புரிஞ்சுக்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேக்கல. ஓட்டு தான் உன் குரல்னு ஸ்பானிஷ்ல ஒரு வாசகம், அவ்ளோ தான், மத்தபடி ஒவ்வொரு ஊர்லயும் ரோடு, தண்ணி, ஸ்கூல் போர்டுன்னு உள்ளூர் விஷயத்தைப் பிடிச்சு உள்ளூர் ஆளை வச்சே பதிவு பண்ணாங்க, ஆயிரத்துக்கும் மேல இந்த மாதிரி பதிவு இயக்கம் நடத்தியிருக்காங்க. கூடவே வக்கீல்களை வச்சு, லத்தீனோ ஓட்டை உடைக்கிற மாதிரி போட்ட தொகுதி எல்லைங்களை எதிர்த்து கேஸ் மேல கேஸ். 1975ல ஓட்டுரிமைச் சட்டத்தை, ஓட்டு முறையை மாத்தணும்னா மத்திய அரசுகிட்ட முன் அனுமதி வாங்கணும்ங்கிற ஏற்பாட்டோட, டெக்சாஸுக்கும் நீட்டினாங்க, அதனால சான் அன்டோனியோ எலெக்‌ஷன் முறையை மத்திய அரசு கேள்வி கேட்டுச்சு, 1977 ஜனவரியில வார்டு முறைக்கு மாறலாமான்னு ஊர்ல ஓட்டெடுப்பு வச்சாங்க, கொஞ்ச வித்தியாசத்துல தான் ஜெயிச்சது. அந்த வருஷம் பத்து வார்டுல அஞ்சு மெக்சிகன் அமெரிக்கர், ஒரு கறுப்பினத்தவர்னு கவுன்சிலே மாறிப் போச்சு. 1981ல ஹென்ரி சிஸ்னெரோஸ் மேயர். 2009ல மேயர் ஆன ஹூலியன் காஸ்ட்ரோ, 1971ல தோத்தாங்களே அந்த ரோஸி காஸ்ட்ரோவோட பையன். வெலாஸ்கெஸ் 1988லயே கேன்சர்ல போயிட்டார், 44 வயசு தான், 1995ல அவர் இல்லாமலே அமெரிக்காவோட பெரிய சிவிலியன் விருதைக் கொடுத்தாங்க.

சரி, இது பழைய கதைன்னு விட்டுட முடியாது. டெக்சாஸ்ல 2011ல ஓட்டுக்கு ஐடி சட்டம் கொண்டு வந்தாங்க, துப்பாக்கி வச்சுக்கிற லைசென்ஸைக் காட்டினா ஓட்டுப் போடலாம், யுனிவர்சிட்டி ஐடி கார்டு செல்லாது. 2013ல சுப்ரீம் கோர்ட் ஓட்டுரிமைச் சட்டத்தோட அந்த முன் அனுமதி ஏற்பாட்டை முடக்கினதும் உடனே இது அமலுக்கு வந்துடுச்சு. 2024 ஜனவரியிலேர்ந்து அரசு யுனிவர்சிட்டிங்கள்ல பன்முகத்தன்மை ஆபீஸ் (சிறுபான்மை மாணவர்களுக்கு உதவுற ஆபீஸ்) எல்லாம் மூடணும்னு சட்டம், அதே வருஷம் ஆகஸ்ட்ல 1929லேர்ந்து இருக்கிற லூலாக்ங்கிற லத்தீனோ உரிமை அமைப்புக்காரங்க வீடுகள்ல மாநில அதிகாரிங்க சோதனை போட்டாங்க, அதுல எண்பது வயசு தாண்டின பாட்டியும் ஒருத்தர், ஓட்டுப் பதிவு வேலை செஞ்சவங்க. 2001லேர்ந்து குடியேற்ற டாக்குமென்ட் இல்லாத பிள்ளைங்களுக்கும் உள்ளூர் ஃபீஸ்ல காலேஜ் இருந்துச்சு, 2025 ஜூன்ல ஒரே நாள்ல அதுவும் போச்சு, மத்திய அரசு கேஸ் போட்டுச்சு, மாநில அரசு எதிர்த்து வாதாடவே இல்ல. அப்படிப்பட்ட பிள்ளைங்க தனக்கு ஓட்டு இல்லைன்னு தெரிஞ்சும் ஓட்டு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டி போய் போடுங்கன்னு கேக்கிறாங்க, இதை விட பெரிய குடிமக்கள் கடமை எதுன்னு எனக்குத் தெரியல.

புது வழியும் கண்டுபிடிக்கிறாங்க. லத்தீனோ வீடுகள்ல பொண்ணுக்கு 15 வயசு ஆனா கின்சின்யேரான்னு பெரிய விழா எடுப்பாங்க, நம்ம மஞ்சள் நீராட்டு மாதிரி சொந்தம் மொத்தமும் கூடும். 2017 ஜூலையில பதினஞ்சு பொண்ணுங்க அந்த விழா கவுனைப் போட்டுக்கிட்டே ஆஸ்டின்ல சட்டமன்றத்து முன்னாடி குடியேறிகளுக்கு எதிரான ஒரு சட்டத்தைக் கண்டிச்சு நின்னாங்க, ஏற்பாடு பண்ணது ஜோல்ட்னு ஒரு இளைஞர் அமைப்பு. அப்புறம் அந்த விழாக்கள்லயே ஓட்டுப் பதிவு டேபிள் போட ஆரம்பிச்சாங்க. மாமா சித்தி எல்லாம் வர்ற இடம், பொண்ணே வந்து கேட்டா யார் மறுப்பாங்க?

இப்ப ஸ்டார் கவுன்டி. 2024ல அங்க ட்ரம்ப் ஜெயிச்சார், 1892க்கு அப்புறம் குடியரசுக் கட்சி அங்க ஜெயிச்சது இது தான் முதல் தடவை. நம்ம பேப்பர்கள்ல லத்தீனோ மக்கள் மனசு மாறிட்டாங்கன்னு ஆச்சரியப்பட்டு எழுதினாங்க. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, யாருக்குப் போட்டாங்கன்னு குறை சொல்லவும் மாட்டேன், அது அவங்க ஓட்டு. ஆனா வருஷக்கணக்கா கட்சிங்க அந்த ஓட்டு நம்மளோடதுன்னு நினைச்சு கதவையே தட்டாம இருந்தா, விலைவாசியும் வேலையும் பத்தி யாரு பேசுறாங்களோ அவங்க பக்கம் ஜனங்க போவாங்க, வெலாஸ்கெஸ் அம்பது வருஷம் முன்னாடி செஞ்சு காட்டினதும் இது தானே. சான் அன்டோனியோலயே உள்ளூர் மேயர் எலெக்‌ஷன்ல அஞ்சுல ஒருத்தர் கூட ஓட்டுப் போட வர்றதில்ல, ரத்தம் சிந்தாம வாங்கின வார்டு முறை இருந்தும். அங்க தான் இன்னும் வேலை இருக்கு, அந்த வேலையைச் செய்யப் போறது சதவீதம் போடுற டிவிக்காரங்க கிடையாது, அந்தந்த காலேஜ் ஏரியாவுல இருக்கிற பசங்க தான்.

அதனால ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அடுத்த தடவை சதவீதக் கணக்கு போடும்போது எட்ஜ்வுட்டையும் அந்த வடிகாலையும் பத்தி நாலு வரி சேர்த்துப் போடுங்க. இன்னொண்ணு, டெக்சாஸ்ல சிட்டிசன்ஷிப் வாங்கின தமிழ்க் குடும்பங்க நிறைய இந்தப் பேப்பரை ஆன்லைன்ல படிக்கிறாங்க, அவங்களுக்கு ஒரு விஷயம் தெரியப்படுத்தணும். இங்க மத்தவங்களோட ஓட்டு ஃபாரத்தை வாங்கிக் கொடுக்கணும்னா கவுன்டி ஆபீஸ்ல தன்னார்வப் பதிவாளரா நியமனம் வாங்கணும், எந்தக் கவுன்டி ஆளைப் பதிவு பண்றமோ அந்தக் கவுன்டியில வாங்கணும், ரெட்டைப்படை வருஷம் டிசம்பர் 31ஓட அது முடிஞ்சுடும், மறுபடி வாங்கணும். காசு கிடையாது, கொஞ்ச நேர ட்ரெயினிங் தான். கேம்பஸ்ல டேபிள் போட்டு உக்காந்திருக்கிற லத்தீனோ பசங்களுக்கு ஆள் எப்பவும் பத்தறதில்ல, நம்மாளுங்களும் போய் கூட உக்காரலாம், அவங்க சண்டை போட்டு வாங்கின சட்டத்துல தான் நாமளும் ஓட்டுப் போடுறோம். வாங்கின ஃபாரத்தை அஞ்சு நாளுக்குள்ள ஆபீஸ்ல கொடுத்துடணும், எலெக்‌ஷனுக்கு 30 நாள் முன்னாடியே பதிவு முடிஞ்சுடும், அதனால இந்தத் தகவலை அக்டோபர்ல போடாம ஆகஸ்ட்லயே போட்டீங்கன்னா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
சான் அன்டோனியோ வாசகர்