பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோரே,

வணக்கம். பத்தாவது ரிசல்ட் வந்து அட்மிஷன் நடக்கிற நாட்களில், ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், பிரெஞ்சு எடுத்தா மார்க் வருமா?" வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையை என் வகுப்புக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். வகுப்பில் நான் என்ன எதிர்பார்க்கிறேன், எதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதை ஃபார்மில் டிக் போடும் முன்பே சொல்லிவிட்டால், ஆகஸ்டில் நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வருத்தப்பட வேண்டியிருக்காது.

மார்க் விஷயத்தையே முதலில் பேசிவிடலாம். நம் ஸ்டேட் போர்டு பள்ளிகளில், 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் படித்தாக வேண்டும். பிளஸ் ஒன்னில்தான் முதல் பாடமாகத் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுக்க முடிகிறது. அதனால்தான் பத்து வருடம் தமிழ் படித்த பிள்ளை, அ, ஆ கூடத் தெரியாத ஒரு மொழிக்குத் திடீரென்று மாறுகிறான். எதற்காக மாறுகிறான்? இன்ஜினீயரிங் கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடம் அதில் இல்லவே இல்லை. மருத்துவம் என்றால் நீட். ஆக, தமிழில் 88 எடுக்கக்கூடிய பிள்ளை பிரெஞ்சில் 97 எடுத்தால், அந்த ஒன்பது மார்க்கால் அவனுக்கு இன்ஜினீயரிங் சீட்டும் கிடைக்கப்போவதில்லை, மருத்துவ சீட்டும் கிடைக்கப்போவதில்லை. 600-க்கு மொத்தம் எவ்வளவு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லலாம், அவ்வளவுதான். இதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன் பிளஸ் டூவில் 96 எடுத்தான். காலேஜ் முடிக்கும் தறுவாயில் என்னைத் தேடி வந்தான். பிரான்சில் மேற்படிப்புக்குப் போக ஆசைப்பட்டு, டெல்ஃப் ஏ1 எழுதியிருக்கிறான். அந்த மொழிக்கான சான்றிதழ்களில் ஆரம்ப நிலை அது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க், மொத்தத்தில் 50 எடுத்தால் போதும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. இவனுக்கு மொத்தம் அறுபதைத் தாண்டிவிட்டது. பேசுவதில் 3. "எதிரே உட்கார்ந்து பேர் கேட்டாங்க மிஸ், எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன், வாய் வரலை" என்றான். நான் சொல்லிக்கொடுத்த பையன் அவன், இரண்டு வருடம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே என்று வகுப்பில் அவனை நான் பேசவே வைக்கவில்லை. என் விதிகள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

ஆகவே முதல் விதி, வாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பீரியடிலும் முதல் பத்து நிமிடம் நோட்டும் இல்லை, புத்தகமும் இல்லை, பேச்சு மட்டும்தான். தப்பாகப் பேசினால் ஒரு மார்க்கும் குறையாது. தப்பாகப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையைத்தான் எழுப்பி நிறுத்துவேன், அதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. மாலையில் அன்று நடத்திய பத்தியைச் சத்தமாக வாசித்து ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். இதற்காகப் பத்து நிமிடம் போனைக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியவேண்டிய அவசியமே இல்லை, பிள்ளை முணுமுணுக்கிறதா, தெளிவாகச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டுமா என்ன?

அடுத்தது, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம். எல்லாப் பிள்ளைகளும் செய்வது இது, சொல்லுக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். முதல் மாதம் விட்டுவிடுவேன், அதன்பிறகு அழிக்கச் சொல்வேன். காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், பானத்துக்கு ஒரு சொல், விஷத்துக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதினால் மூன்றும் "புவாஸோன்"தான்! மீனில் வருவது உதட்டை இறுக்கிச் சொல்லும் ப, "பம்பரம்" என்று சொல்லும்போது முதலில் வருகிற ப. பானத்தில் வருவது அதே பம்பரத்தில் இரண்டாவதாக வருகிற, தொண்டை அதிரும் ப. விஷத்தில் ஸ-வுக்குப் பதிலாகத் தேனீ ரீங்காரம் மாதிரி ஓர் ஒலி. நம் வாய்க்கு இந்த வித்தியாசம் வரும், நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. எழுதிவைத்ததைப் பார்த்தே வாசித்துப் பழகிய பிள்ளை, ஓட்டலில் மீன் கேட்க நினைத்து விஷம் கேட்கும். கழுத்தில் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் இதைப் பழக வேண்டும். முதல் வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளும் கழுத்தில் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத்துக்கு மேலே வரும் கோடுகளுக்கும் இதே கண்டிப்புதான். அது அலங்காரம் இல்லை, நம் மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி. "ஊ" என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் கோடு இருந்தால் "எங்கே", இல்லாவிட்டால் "அல்லது". விட்டால் அரை மார்க் போகும், தேர்வு முடிந்ததும் வந்து கேட்க வேண்டாம்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். என் வகுப்பில் பிள்ளைகள் தமிழ் பேசலாம். தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் இதைக் கேட்டு முதலில் முழிப்பார்கள். தமிழை விட்டு ஓடிவந்த பிள்ளைக்கு இங்கே உண்மையில் கைகொடுப்பது தமிழ்தான், இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. பிள்ளைகள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஆங்கிலமாக்கி, அதைப் பிரெஞ்சுக்கு மாற்றுகிறார்கள். பசிக்கிறது என்று எழுதச் சொன்னால், ஆங்கிலத்தைப் பின்பற்றி "ஜு சுய் ஃபேன்" என்று எழுதுவார்கள். "நான் பசியாக இருக்கிறேன்" என்பது போல ஆகிவிடும், தப்பு. சரியானது "ஜே ஃபேன்". எனக்குப் பசி, அவ்வளவுதான். வயதும் அப்படியே, எனக்குப் பதினைந்து வயது: "ஜே கேன்ஸான்". தமிழில் "எனக்கு" என்று தொடங்குகிற இடத்தில் பல நேரம் பிரெஞ்சில் "ஜே" வந்து உட்கார்ந்துவிடும். இது தெரிந்த பிள்ளைக்கு ஒரு மாதப் பாடம் ஒரு நாளில் புரிகிறது.

நீ, நீங்கள் இரண்டும் அங்கேயும் உண்டு, தூ, வூ என்று. ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளைக்கு இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டும், தமிழ்ப் பிள்ளையிடம் "தலைமையாசிரியரை நீ என்று சொல்வாயா?" என்று கேட்டால் போதும். (என்னை வூ என்றுதான் கூப்பிட வேண்டும், அதுவும் விதிதான்.) வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவது, வந்தேன், வந்தாய், வந்தார் என்று நமக்குப் பழகிப்போனதுதான். "லே", "அமி" என்ற இரண்டு சொல் சேரும்போது "லேஸமி" என்று நடுவில் ஸ முளைக்கிறதே, அதைக் கேட்டதும் பத்தாவதில் புணர்ச்சி ஒழுங்காகப் படித்த பிள்ளையின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பால் வேறுபாட்டில் மட்டும் தமிழ் உதவாது. மேசை அங்கே பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, பழகத்தான் வேண்டும். அதற்கு இரண்டு நிறப் பேனா வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

கூகுள் டிரான்ஸ்லேட், சாட்ஜிபிடி. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கலாம், வாக்கியத்தைச் செய்து வாங்கக்கூடாது. இறந்தகாலமே இன்னும் நடத்தாத ஜூலை மாதத்தில் ஒரு பிள்ளை கல்லூரிப் பாடத்தில் வருகிற வினை வடிவத்தை எழுதிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரியாதா? திட்ட மாட்டேன். "இதை வாசி, தமிழில் சொல்லு" என்பேன். சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பூஜ்யம், மறுநாள் சொந்தமாக நாலு வரி எழுதி வந்தால் முழு மார்க்.

அக மதிப்பீட்டு மார்க்கை நான் சும்மா போடுவதில்லை என்பதால் சிலருக்கு என்மேல் கோபம் இருக்கிறது. வருகை, வாய்ஸ் மெசேஜ், நோட்டு மூன்றையும் பார்த்துத்தான் போடுவேன். உடம்பு சரியில்லை என்றால் கவலை வேண்டாம், மதிய இடைவேளையில் உட்கார்ந்து நானே சொல்லித்தருகிறேன். நீட் கோச்சிங் டெஸ்ட் இருக்கிறது, பிரெஞ்சு பீரியடுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று சீட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அரையாண்டு நெருங்கினால் மற்ற பாடங்களுக்கு முதலில் பறிபோவது மொழி பீரியட்தான். நானும் தமிழ் ஆசிரியரும் இதைப் பற்றிப் பேசி ஆற்றாமைப்படாத வருடம் கிடையாது. நிர்வாகத்திடம் நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்புறம், பிரெஞ்சு எடுத்தாலும் தமிழை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு குரூப் 4 எழுதப் போனால் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காதவர்களின் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் தினமும் ஒரு பக்கம் தமிழ் வாசிக்க வையுங்கள், எனக்கும் அது வேலையை எளிதாக்கும். இதையெல்லாம் படித்துவிட்டு, நம் பிள்ளைக்குத் தமிழே போதும் என்று தோன்றினால் தாராளமாகத் தமிழே எடுங்கள். சேர்ந்த பிறகு மாற நினைத்தாலும் முதல் மாதத்துக்குள் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடம் நானே வந்து பேசுகிறேன்.

முதல் நாள் கொண்டுவர வேண்டியவை: லாங் சைஸ் நோட்டு இரண்டு, ஆண்பாலுக்கு நீலப் பேனா, பெண்பாலுக்குச் சிவப்புப் பேனா. வரும் வழியில் கார் ஷோரூம் போர்டுகளைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வரச் சொல்லுங்கள், "ரெனால்ட்" என்று நாம் எல்லோரும் சொல்வது எப்படி "ரெனோ" ஆகிறது என்பதுதான் முதல் பாடம். கைடு வாங்க வேண்டாம். கடைக்காரர் பாடப்புத்தகத்தோடு சேர்த்தே கட்டிவைத்திருப்பார், பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் பிரெஞ்சு ஆசிரியை