‘லே மிஸராப்ள்’ கேட்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ‘லே மிஸராப்ள்’ இசை நாடகத்தின் முழு ஒலிப்பதிவையும், வாரத்துக்கு ஒரு சிடி என்று, கேட்டு முடித்துவிட்டோம். ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் யார் கை மாறி அந்த இசை புதுச்சேரியில் ஒரு சின்ன நூலகத்து மாடிக்கு வந்தது என்பதை நாலு பேர் அறிய எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

முதலில் லண்டனில் இருக்கும் என் பெரியப்பா மகளுக்கு. அக்கா, பிரபலமான பாடல்களை மட்டும் தொகுத்த ஒற்றை சிடி உனக்குச் சுலபமாகக் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு 1988ஆம் ஆண்டின் முழு சிம்பொனி ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்தாய். மூன்று சிடி, ஏறக்குறைய மூன்று மணி நேரம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடக்கும் சண்டை, பேரம், கெஞ்சல் எல்லாமே இந்த நாடகத்தில் பாட்டுதான் என்பதால், அதில் ஒன்றை விட்டாலும் கதை அறுந்துவிடும். மேடையைப் பார்க்க வாய்ப்பே இல்லாத எங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நீ சொல்லாமலே புரிந்துகொண்டாய்.

அடுத்து எங்கள் பிரெஞ்சு ஆசிரியர். சார், ஒவ்வொரு வாரமும் கேட்பதற்கு முன்னால் நீங்கள் பேசிய பேச்சு இல்லாவிட்டால் பாதிப் பேருக்குக் கதையே பிடிபட்டிருக்காது. 1862இல் வெளிவந்த விக்டர் ஹியூகோவின் நாவலை நாட்டைவிட்டு வெளியேறி குவெர்ன்சி தீவில் இருந்தபோது அவர் முடித்தார் என்பதில் தொடங்கினீர்கள். 1832 ஜூனில் ஜெனரல் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் வெடித்த கலகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நாடகத்தில் வரும் மாணவர்கள் பாரிஸ் தெருவில் எதற்காகத் தடுப்பரண் கட்டுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நாவலில் ஒரு ரொட்டித் துண்டுக்கு ஐந்து ஆண்டு, தப்பிக்கப் பார்த்ததற்குப் பதினான்கு ஆண்டு என்று 19 ஆண்டுகள் கதாநாயகன் ஷான் வல்ஷான் சிறையில் கிடந்த கணக்கை நீங்கள் விவரித்தபோது கூடமே அமைதியாகிவிட்டது.

இந்த நாடகம் இசைத்தட்டாகப் பிறந்துதான் பிறகு மேடைக்குப் போனது என்பதையும் உங்களிடம்தான் கேட்டேன். லண்டனில் ‘ஆலிவர்!’ இசை நாடகம் பார்த்துக்கொண்டிருந்த பாடலாசிரியர் அலன் பூப்லிலுக்கு, அதில் வரும் பிக்பாக்கெட் பையனைக் கண்டதும் ஹியூகோவின் நாவலில் வரும் தெருப் பையன் கவ்ரோஷ் நினைவுக்கு வந்தான். பிரான்ஸ் திரும்பி இசையமைப்பாளர் கிளோட்-மிஷேல் ஷான்பர்க்கிடம் சொன்னார். ஷான்பர்க் பியானோவில் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களையும் தானே பாடி மாதிரி டேப் ஒன்றைப் பதிந்தார். 1980இல் பிரெஞ்சு இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டு ரொபேர் ஓசேன் இயக்கத்தில் பாரிஸின் விளையாட்டு அரங்கம் ஒன்றில் நாடகம் சுமார் மூன்று மாதம் ஓடி நின்றது. கதை அங்கேயே முடிந்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து பீட்டர் ஃபராகோ என்ற இயக்குநர் அந்தத் தட்டைத் தயாரிப்பாளர் கேமரூன் மெக்கின்டாஷிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டவர் பிடித்துக்கொண்டார். 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவோடு சேர்ந்து, ட்ரெவர் நன்னும் ஜான் கேர்டும் இயக்கிய ஆங்கில வடிவம் மேடையேறியது. பத்திரிகை விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். ஜனங்களோ டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு தட்டை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்ததால் பிழைத்த நாடகம் இது. அதனால்தான் எங்கள் கைக்கு அது வந்த வழியை எழுதுவது எனக்கு அவ்வளவு அவசியமாகப் படுகிறது.

கீபோர்டு வாசித்த தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவனால்தான் நான் இந்த இசைக்குள் நுழைந்தேன். பிஷப் தன் வெள்ளிச் சாமான்களைத் திருடியவனையே மன்னித்து, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அதன்பின் வல்ஷான் தனியே நின்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டை முதல் வாரம் கேட்டோம். கடைசி வாரம், வல்ஷானைக் கதை முழுக்கத் துரத்தி, கடைசியில் வல்ஷானாலேயே உயிரோடு விடப்பட்ட போலீஸ்காரன் ஜாவேர் ஆற்றில் விழுந்து சாவதற்கு முன் பாடுகிறான். தம்பி சிடியை நிறுத்திவிட்டு இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினான். இரண்டும் ஒரே மெட்டு! இருவருக்கும் கிடைத்தது கருணை. ஒருவன் அதை ஏற்றுப் புது மனிதனாகிறான், இன்னொருவனால் அதைச் சுமந்துகொண்டு ஒரு ராத்திரிகூட இருக்க முடியவில்லை. நாவலில் பக்கம் பக்கமாக வரும் இந்த விஷயத்தை ஷான்பர்க் அதே மெட்டைத் திரும்பக் கொண்டுவந்தே சொல்லிவிடுகிறார். சாகும் தறுவாயில் ஏழைத் தாய் ஃபான்டீன் மகளைக் கூப்பிடும் பாட்டும், கைகூடாத காதலோடு யாருமில்லாத தெருவில் எப்போனீன் என்ற பெண் பாடும் பாட்டும் ஒரே மெட்டுதான் என்று அவன் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முடிவில், செத்துப்போன அந்த இரண்டு பெண்களுமே சாகக் கிடக்கும் வல்ஷானை அழைத்துப்போக வருகிறார்கள், அதே மெட்டோடு. தம்பி, நீ வாசித்திருக்காவிட்டால் எனக்கு இது காதில் விழுந்தே இருக்காது.

எங்கள் வட்டத்தின் மூத்தவரான ஐயாவுக்கும் நன்றி. ஆங்கிலப் பாட்டு புரியாது என்று முதலில் தயங்கியவர், இது ‘ஏழை படும் பாடு’ கதை என்று தெரிந்ததும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஹியூகோவின் நாவலை அந்தத் தலைப்பில் தமிழுக்குக் கொண்டுவந்த சுத்தானந்த பாரதியார் இதே புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தில், பல்லாண்டு வாழ்ந்தவர். 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் அது படமானது. நாகையா கதாநாயகன். விடாமல் துரத்தும் போலீஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க ‘ஜாவர்’ என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஐயா அந்த ஜாவரின் நடையையும் பார்வையையும் நடித்துக் காட்டினார். அதன் பிறகு எங்கள் சிடியில் ஃபிலிப் குவாஸ்ட் பாடிய ஜாவேரைக் கேட்கும்போது எங்களுக்கு மேடையே தேவைப்படவில்லை.

சிடி ஓடும் கருவிக்கே இப்போது பஞ்சம். தன் கடைப் பரணிலிருந்து பழைய பிளேயரை எடுத்து, லென்ஸைத் துடைத்து, பெல்ட் மாற்றி, காசே வாங்காமல் கொடுத்த ரிப்பேர் கடை அண்ணனுக்கு நன்றி. மாடியைத் திறந்துவிட்ட நூலகர் அம்மாவுக்கும், நாற்காலி தூக்கிய பிள்ளைகளுக்கும், டீ போட்டுக் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

இதைப் படிக்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒலிப்பதிவுக்காக ஒரே ஊர் நடிகர் குழுவை மட்டும் உட்காரவைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கேரி மோரிஸ் வல்ஷானாக, ஆஸ்திரேலியாவிலிருந்து குவாஸ்ட், டெப்ரா பர்ன், ஆன்டனி வார்லோ, லண்டன் மேடையிலிருந்து மைக்கேல் பால் என்று பல நாட்டு மேடைகளின் குரல்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. மார்ட்டின் கோச் நடத்த, பில்ஹார்மோனியா இசைக்குழு வாசித்தது. 1991இல் கிராமி விருது கிடைத்தது. என் மனசு போய் நிற்பது எப்போனீனாகப் பாடிய ஜப்பானியர் காஹோ ஷிமாடாவிடம். ஆங்கிலம் தெரியாமல், ஒலியை வைத்தே வரிகளை மனப்பாடம் செய்து பாடியவர் அவர். எங்கள் கூட்டத்திலும் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பாடியபோது அழாதவர்களை நான் பார்க்கவில்லை. அம்மா, உங்களுக்கு எங்கள் கூடம் முழுவதன் நன்றி.

மூன்று சிடிக்களையும் பாடல் வரிகளோடு நூலகத்திலேயே கொடுத்துவிட்டேன். பிளேயரும் அங்கேதான் இருக்கிறது. நூலகர் அம்மாவிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். 1980ஆம் ஆண்டின் பிரெஞ்சு இசைத்தட்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நாடு நாடாகப் போன அந்த முதல் தட்டை, பிரெஞ்சு ஆசிரியர் வரிக்கு வரி பொருள் சொல்ல, கேட்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
வாசகர் வட்டத்திலிருந்து உங்கள் தங்கை