பிடி அரிசியும் இரவு ஜெபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் சர்ச்சுக்கு வருவதில்லை, வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்கிறோம். எனக்கு 68 வயது, காட்பாடியில் இருக்கிறேன், நானும் அப்படிக் குறை சொன்னவன்தான். ஆனால் எனக்கு இந்த விசுவாசம் யார் மூலமாக வந்தது என்று யோசித்துப் பார்த்தால், பழியைப் பிள்ளைகள் மேல் போட மனசு வரவில்லை.

ராணிப்பேட்டை பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் ஆயாதான், அதாவது என் பாட்டிதான், எனக்கு அதைக் கொடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 23-ம் சங்கீதமும் 121-ம் சங்கீதமும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வாள், உபதேசியார் வாசிக்கக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆனது. தினமும் உலை வைக்கும்போது, வீட்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அரிசியைப் படியில் அளந்து முறத்தில் கொட்டிவிட்டு, அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். ஒருநாள், "நமக்கே பத்தலையே ஆயா, மூட்டையில இருந்து தனியா எடுத்துப் போடக் கூடாதா?" என்று கேட்டேன். "நாம சாப்பிடறதுல இருந்து எடுத்தாத்தான்டா காணிக்கை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசியைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்து அனுப்புவாள். காணிக்கையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், ஞாபகம் இருப்பது அந்த முடிச்சுதான்.

அப்புறம் இரவு ஜெபம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடுவோம், அப்பா வேதம் வாசிப்பார், ஆயா ஜெபிப்பாள். வீட்டில் எல்லோர் பெயரையும் சொல்லி, தெருவில் காய்ச்சலில் கிடப்பவர் பெயரைச் சொல்லி, எங்களோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்த சித்தப்பா பெயரையும் விடாமல் சொல்வாள். என் பெயர் வரும்வரை தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன்.

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கதையையும் ஆயாவிடம்தான் முதலில் கேட்டேன். வேலூர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கும் பிறகு சென்னைக்கும் வந்த மருத்துவ மிஷனரி, அந்தத் தாத்தாவின் பிள்ளைகள்தான் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஐடா, இந்த ஊழியமே எனக்கு வேண்டாம் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று கேட்டதும், மருத்துவம் படிக்காத அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதும்தான் அவரைத் திருப்பியது. படித்துவிட்டு வந்து 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார், அதுதான் இன்றைய சி.எம்.சி. தாத்தாவும் அப்பாவும் வாழ்ந்து காட்டியது உள்ளே கிடந்திருக்கிறது, ஆனால் சரி என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் உடனே பயந்துபோய்த் திட்டத் தொடங்குகிறோமே, அது தப்பு என்று நினைக்கிறேன்.

அந்தத் தப்பை நானே செய்தேன். என் பேத்தி பெங்களூரில் படிக்கிறாள், தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது. இரண்டு வருஷமாக வீடியோ காலில் "பைபிள் படிச்சியா, சர்ச்சுக்குப் போனியா" என்று இதை மட்டுமே கேட்டேன். அவளும் "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். போன மே மாதம் இங்கே வந்திருந்தபோது எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தைப் புரட்டினாள். அதன் முதல் வெற்றுப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் என் அப்பா கையெழுத்தில் தொடங்கி என் கையெழுத்துவரை வரிசையாக இருக்கும். கடைசி வரியில் விரலை வைத்து, "இது என் பேரா தாத்தா?" என்றாள். அன்று இரவு வெகு நேரம் ஆயா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரவில் அவளே போன் செய்கிறாள். நான் ஒரு வசனம் வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். ஒருநாள், "நீங்க அவ்வளவு ஜெபம் பண்ணியும் பாட்டி ஏன் செத்துட்டாங்க?" என்று கேட்டாள். "தெரியலம்மா, நானும் இதைத்தான் ஆண்டவர்கிட்ட கேட்டேன், இன்னும் கேட்டுக்கிட்டேதான் ஜெபம் பண்றேன்" என்றேன். போதகர் மாதிரி ஒரு பதில் சொல்லியிருந்தால் அவள் மறுபடி எதையும் கேட்டிருக்க மாட்டாள்.

அதனால் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன், டியூஷனுக்கும் டான்ஸ் கிளாஸுக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியோடு விடுங்கள். சபைகளையும் கேட்டுக்கொள்கிறேன். வேதாகமத்தில், தன் சீஷன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் அவன் பாட்டி லோவிசாளின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார், நாமோ பாட்டிகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் தினமும் அரை மணி நேரம் வயதானவர்களைப் பேச விடுங்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையும் சொல்லிக்கொடுங்கள். கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவர்களே வாசித்துப் பாட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்