வாணிக்கு: கையெழுத்துப் போடும் முன்

சிங்காநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள வாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒப்பந்தத்தை எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்து அச்செடுத்து, பின்னிணைப்பு உட்பட எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டேன். நீ கேட்டிருந்தவை இரண்டே கேள்விகள். கம்பெனியின் பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியராகச் சேருவதா, ஆலோசகராகச் சேருவதா என்பது ஒன்று. உன் பெயரில் வரும் மருத்துவக் காப்பீட்டில் மாப்பிள்ளையையும் குழந்தையையும் சேர்க்க இடமுண்டா என்பது மற்றொன்று. இவற்றுக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் படிப்பாய் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2018இல் வேலையை விட்ட நீ, இத்தனை வருடங்களுக்குப் பிறகு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து மென்பொருளைச் சோதிக்கும் ஆட்டோமேஷன் டெஸ்டிங்கை நீயாகவே படித்து, உன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு போட்டியிட்டு, மூன்று சுற்று நேர்காணலையும் தாண்டியிருக்கிறாய் என்பதில் எனக்குள்ள பெருமையை அம்மாவிடம் கூட முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த தீபாவளி போனஸ் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, ஸ்பின்னிங் பகுதியில் ஒரே டோக்கன் நம்பர் இரண்டு இடத்தில் வருகிறது என்று காட்டினாயே, அந்தக் கண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட செய்தியை நீ சொல்லி நாங்கள் கேட்டிருக்க வேண்டும். சித்தி மகள் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிய வந்தது. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசகர் என்றால் 85,000, பேரோல் என்றால் 72,000 என்று எழுதியிருக்கிறார்கள். உன் மனம் 85,000 பக்கம் சாய்ந்திருப்பது நீ கேட்ட விதத்திலேயே தெரிகிறது. அந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. தொழில்முறைக் கட்டணம் என்று நீ பில் போட்டால் அதில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆகவே மாதம் கைக்கு வருவது 76,500. உன் வருமானம் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு உள்ளேயே இருப்பதால் புதிய வரி முறையில் பிடித்த பணம் திரும்பி வரும் என்பது சரிதான், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருந்த பிறகுதான் வரும். பேரோலில் 72,000இல் உன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 1,800 போனால் 70,200. தொழில் வரி போன்ற சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிடலாம். ஆக மாதத்துக்கு மாதம் கையில் தெரியும் வித்தியாசம் 6,300 ரூபாய். அந்த 6,300க்காக நீ விட்டுக்கொடுப்பது பி.எஃப்., ஓய்வூதியக் கணக்கு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, குழுக் காப்பீடு, நான்காம் பக்கத்தில் உள்ளபடி பிரதி மாதம் 7ஆம் தேதி சம்பளம் ஆகியவை அனைத்தும். ஆலோசகருக்கு அந்தத் தேதி கிடையாது. வாடிக்கையாளர் நிறுவனம் பணம் செலுத்திய 45 நாட்களுக்குள் என்று ஒன்பதாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவன் செலுத்தாவிட்டால் என்ன என்று எழுதவில்லை. அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பதினோரு மாதம் என்ற காலவரையறையையும் கவனித்தாயா? மில்லின் டைம் ஆபீஸில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியே தலை நரைத்தவனுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தால் தொடர் பணி என்பது தொழில் தகராறு சட்டத்தில் இருந்த கணக்கு. அதனால் எங்கள் மில்லில், வராதவர்களுக்குப் பதிலாக வேலை பார்க்கும் பதிலித் தொழிலாளி யாராவது இருநூறு நாளைத் தாண்டினால், மேலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். அடுத்த வாரம் முதல் அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஐந்து ஆண்டு காத்திருக்காமல் ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. உன் ஒப்பந்தம் பதினோரு மாதம். இதைத் தற்செயல் என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். அவர்களோடு சண்டை போடச் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதமாக எழுதித் தர முடியுமா என்று மின்னஞ்சலில் ஒரு முறை பணிவாகக் கேள். மறுத்தாலும் நஷ்டமில்லை, கேட்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கும்.

அடுத்தது பி.எஃப். இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். 2011 முதல் 2018 வரை நீ கட்டிய பழைய கணக்கு அப்படியே இருக்கிறது அல்லவா? அதைத் தொடாதே. வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியும் அந்தப் பணத்துக்கு வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். பெரிய வங்கி எதுவும் உனக்கு அதைத் தராது. புதிய இடத்தில் சேரும்போது அதே யூ.ஏ.என். எண்ணை, அதாவது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணைக் கொடு, புது எண் உருவாக்க விடாதே. கம்பெனி மாதாமாதம் போடும் 1,800இல் 1,250 ஓய்வூதியத்துக்கும் 550 உன் கணக்குக்கும் போகும். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். இடையில் எத்தனை வருடம் வீட்டில் இருந்தாய் என்பது கணக்கில்லை, முன்பு செய்த ஏழு வருடத்தோடு இனிச் செய்யப்போகும் மூன்றைச் சேர்த்தால் போதும். பழைய ஓய்வூதியப் பங்கை இப்போது எடுத்துவிட்டால் அந்த ஏழு வருடமும் போயிற்று. அதோடு, 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை என்பதால் திரும்பவும் உள்ளே வர முடியாது. பத்து வருடக் கணக்குக்கு மாதாமாதம் வருவது பெரிய பணமில்லைதான். ஆனாலும் அது யார் தயவும் இல்லாமல் உன் பெயரில் வரும்.

இடைவெளியை நேர்காணலில் மறைக்கவில்லை என்று நீ சொன்னது நல்லது. இப்போதெல்லாம் எந்தத் தேதியில் எங்கே சேர்ந்தாய், எப்போது விலகினாய் என்பதைப் பி.எஃப். பதிவைப் பார்த்தே சரிபார்த்துவிடுகிறார்கள். ஆனால் பழைய சம்பளத்துக்கும் குறைவாக ஒப்புக்கொண்டுவிட்டு, "இத்தனை வருஷம் சும்மா இருந்தேனே அப்பா, இதுவே அதிகம்" என்று சொன்னாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. மாமியார் படுக்கையில் இருந்த இரண்டு வருடமும் சும்மா இருந்ததா? அந்த வீட்டில் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று நான் கேட்க மாட்டேன். நீயாக அப்படிச் சொல்லாதே.

வெளியேறும் விதியிலும் சமமில்லை. அவர்கள் உன்னை 15 நாள் நோட்டீஸில் அனுப்பலாம். நீ விலக வேண்டுமானால் 60 நாள் முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இருவருக்கும் 30 நாள் என்று மாற்றச் சொல்லிக் கேள்.

காப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பேரோலில் சேர்ந்தால் கணவர், குழந்தை இருவரையும் சேர்க்கலாம் என்று பின்னிணைப்பில் தெளிவாக இருக்கிறது. ஆலோசகராகச் சேர்ந்தால் உனக்கே கிடையாது. இதுவரை மூவரும் மாப்பிள்ளையின் கம்பெனிக் காப்பீட்டில்தான் இருந்தீர்கள். இப்போது ஏன் மாற்றுகிறீர்கள் என்பது உங்கள் குடும்ப விஷயம். பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன், உங்கள் நண்பர்களில் யாருக்காவது பயன்படும்: கம்பெனியை விட்டு வெளியே வருகிறவர் குழுக் காப்பீடு முடிவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், சர்க்கரை போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள். கடைசி வேலை நாள் கடந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடக்கூடும், ஆகவே அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொல். மாப்பிள்ளை சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுக்கிறாரா? தினமும் அப்பாதான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார், வேன் நின்றுவிட்டது என்று பேரன் சந்தோஷமாகச் சொன்னான். காலையில் அவ்வளவு தூரம் நடந்தால் அவர் உடம்புக்கும் நல்லதுதான்.

மில் மூடிய வருடம் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. அந்த வருடம் என்னிடம் யாராவது நேராகக் கேட்டிருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன். அதனால்தான் நானும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லை. மாப்பிள்ளை மானஸ்தர், எனக்கு அவரைத் தெரியும்.

வீட்டுக் கடன் தவணைக்காகவோ வேறு எதற்காகவோ அந்தப் பி.எஃப். பணத்தின் மேல் உங்கள் இருவருக்கும் கண் போனால், தயவுசெய்து முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தபால் ஆபீஸில் அம்மா பெயரில் போட்ட வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்கிறது. அதைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் இருவருக்கும் என் ஓய்வூதியமும் கீழ்வீட்டு வாடகையும் தாராளமாகப் போதும். இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பது உன் சாமர்த்தியம். கடன் என்றே சொல், வேண்டுமானால் பிராமிசரி நோட்டு கூட எழுதித் தரச் சொல், நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். பி.எஃப்.ஐ மட்டும் எடுக்காதே. மறுபடியும் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தாய். திங்கள்கிழமை என்று சொல்லிப் பார்; உன்னைத் தேர்ந்தெடுக்க ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூன்று நாள் பெரிதில்லை. கோடிட்ட பக்கங்களை நாளை கூரியரில் அனுப்புகிறேன். அதோடு அம்மா பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். புதன்கிழமை பார்சல் வந்ததும் போன் செய், மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தால் அவரிடமும் போனைக் கொடு. அந்த நோட்டீஸ் விதியைப் பற்றி அவருடைய யோசனையையும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா