கிகா கிராமும் கிகா டன்னும்

பகாவ், நெகிரி செம்பிலான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பசுமை இல்ல வாயு அட்டவணையில் கிகா கிராம் என்றிருந்ததைக் கிகா டன் என்று எடுத்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் எழுதிவிட்டதாகவும், மேலதிகாரி முன் கூனிக் குறுகி நின்றதாகவும் நேற்றிரவு தொலைபேசியில் சொன்னாய். சைபர்களைக் காதால் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

கிலோ, மெகா, கிகா, டெரா, பெட்டா என்னும் முன்னொட்டுகள் ஒவ்வொன்றும் முன்னதைப்போல் ஆயிரம் மடங்கு. ஆனால் அவை எதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு டன் என்பது ஆயிரம் கிலோ, அதாவது பத்து லட்சம் கிராம். ஆகவே டன் என்ற சொல்லுக்குள்ளேயே ஆறு சைபர்கள் ஒளிந்திருக்கின்றன. டன்னிலிருந்து கிராமுக்கு மாறும்போது முன்னொட்டு இரண்டு படி மேலே போவது இதனால்தான்: டன் என்பது மெகா கிராம், கிலோ டன் என்பது கிகா கிராம், மெகா டன் என்பது டெரா கிராம், கிகா டன் என்பது பெட்டா கிராம். நீ படித்த கிகா கிராம் வெறும் ஆயிரம் டன். பத்து டன் செம்பனைக் குலை ஏற்றிய லாரி நம் எண்ணெய் ஆலைக்கு நூறு நடை வந்தால் தீர்ந்தது. நீ எழுதிய கிகா டன்னோ நூறு கோடி டன். பத்து லட்சம் மடங்கு பிசகியிருக்கிறது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் ஆயிரத்துக்கு மேல் லட்சம், கோடி என்று இரண்டிரண்டு சைபராக ஏறுகிறோம். மெட்ரிக் முறையோ மும்மூன்றாக ஏறுகிறது. மனத்துக்குள் கோடியில் எண்ணிக்கொண்டு கையால் மெகா என்று எழுதினால் எங்கேனும் இடறும். இந்தக் கணக்குக்கு மட்டும் ஆயிரம், மில்லியன், பில்லியன் என்றே எண்ணிப் பழகு.

நானும் இடறியவன்தான். ஆலையில் எடைமேடைக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராகச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி குலையோடு 17,460 கிலோ, இறக்கிய பின் 6,980 கிலோ நின்றது. சீட்டில் 10,480 கிலோ என்று சரியாக எழுதிவிட்டு, மாதப் பேரேட்டில் டன்னாக மாற்றும்போது 104.8 என்று புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டேன். குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வர வேண்டும், அந்த மாதம் எண்ணெய் குறைந்ததாகக் கணக்கு காட்டியதும் பெரிய கிராணி பேரேட்டை வரி வரியாகப் பார்த்து, "இந்த லாரியில் குலை வந்ததா, யானைக் கூட்டம் வந்ததா?" என்று கேட்டார். அவர் பெருக்கிப் பார்க்கவில்லை. அந்த லாரியை அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

உனக்கும் அப்படித் தெரிந்த லாரி ஒன்று வேண்டும். மலேசியா 2024-இல் உற்பத்தி செய்த கச்சாச் செம்பனை எண்ணெய் சுமார் 19.34 மில்லியன் டன். அது 19.34 மெகா டன், 19.34 டெரா கிராம், 19,340 கிகா கிராம். நாடு முழுவதும் ஓராண்டில் பிழிந்த எண்ணெயே ஒரு கிகா டன்னில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பது நினைவிலிருந்தால், உன் அட்டவணையில் கிகா டன் வரும்போதே கை தயங்கும்.

பழைய தோட்டத்துக் கணக்குகளையும் எடுத்தாளப் போவதாகச் சொன்னாயே, அவற்றில் டன் என்று இருந்தால் எந்த டன் என்று கேள். ஆங்கிலேயர் காலத்து டன் 2,240 ராத்தல் (பவுண்டு), அதாவது ஏறக்குறைய 1,016 கிலோ. ஆயிரம் டன்னில் பதினாறு டன் வித்தியாசம் வந்துவிடும். தாத்தா ரப்பர் ஷீட்டை எடைபோட்ட பிக்கல் என்ற பழைய எடை அலகு, காத்தி என்ற சிறிய அலகு நூறு கொண்டது, கிலோவில் சுமார் 60.48. எல்லாவற்றையும் முதலில் கிலோவுக்குக் கொண்டுவந்து, பிறகு டன்னாக்கு.

திருத்திய அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பு. எண்களை நீ பார்த்துக்கொள்வாய். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எழுதியிருக்கும் அலகை மட்டும் நான் ஒருமுறை வாசித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா